காமு அக்காவும் களைத்துப்போன கேமும்

இரும்புலியூரில் மீன் விற்கிற நான்கு பேரில் காமு அக்காவிடம் மட்டும் யாரும் செவுளைத் திறந்து பார்க்க மாட்டார்கள். அக்கா "புதுசு" என்றால் புதுசு. "இன்னிக்கு சங்கரா வாணாம், அதும் மூஞ்சியே சரியில்ல, நாளைக்கு வா" என்றால், வந்தவர் மறுபேச்சில்லாமல் முட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். கோவளத்தில் பிறந்து, ஷேர் ஆட்டோ ஓட்டும் கங்காதரன் மாமாவைக் கட்டிக்கொண்டு வந்தவள். பத்தொன்பது வருஷமாக அதே வேப்பமரத்தடியில், அதே பலகையில் உட்கார்ந்திருக்கிறாள். இந்தப் பத்தொன்பது வருஷத்தில் ஒரே ஒரு வஞ்சிரத்தைத் தவிர, அக்கா சொன்னது தப்பு என்று ஒருத்தரும் சொன்னதில்லை.

காலையில் மீன். மதியம் இரண்டு மணிக்கு மேல் கம்ப்யூட்டர். முதலாவது எல்லோருக்கும் புரியும். இரண்டாவதை நான்தான் விளக்கிச் சொல்ல வேண்டும்.

அக்காவின் தம்பி கிருபா ஐந்து கம்ப்யூட்டர் வாங்கிப்போட்டு, ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே மூன்றாவது சந்தில் ஒரு கேம் சென்டர் திறந்தான். திறந்த நான்காவது மாதம் மஸ்கட்டில் வேலை கிடைத்துவிட்டது. கிளம்புகிற அன்று சாவியை அக்கா கையில் கொடுத்து, "பாத்துக்கோக்கா. ஆன் பண்ணா ஆன் ஆவும், ஆஃப் பண்ணா ஆஃப் ஆவும். அவ்ளோதான் மேட்டரு" என்றானாம். கம்ப்யூட்டர் பற்றி அக்காவுக்குக் கிடைத்த மொத்தப் படிப்பும் அதுதான்.

மீதியை மீனிடமிருந்து எடுத்துக்கொண்டாள். கடையைத் திறந்ததும் ஒவ்வொரு சி.பி.யு. மேலும் புறங்கையை வைத்துப் பார்ப்பாள். "ரெண்டாம் நம்பருக்கு ஜொரம் அடிக்குது. எவனும் ஒக்காராத." நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். சர்வீஸ் ஆள் வந்து திறந்து பார்த்தால் உள்ளே ஃபேன் நின்றுபோயிருக்கும். ஒருமுறை எல்லா மவுஸையும் பக்கெட்டில் போட்டு எலுமிச்சைத் தோலால் தேய்த்துக் கழுவினாள். அதில் இரண்டு செத்துப்போயின, மூன்று கமகமவென்று பிழைத்துக்கொண்டன. முதல் ஆயுத பூஜைக்கு கேம் டிஸ்க்குகளின் பளபளப்பான பக்கத்தில் சந்தனம் வைத்து அதன் நடுவில் குங்குமமும் வைத்தாள். அந்த வருஷம் தீபாவளி வரைக்கும் கால்பந்து கேமில் கோல்கீப்பர் தலையில்லாமல் நின்றான். சந்தனத்தால்தான் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் தலை வரவில்லை.

எனக்கு அந்தக் கடையில் ஒரு வேலை இருந்தது. சம்பளமில்லாத வேலை. பத்தாம் வகுப்பில் கணக்கும் அறிவியலும் என்னைக் கைவிட்டுவிட்டன. மேற்குத் தாம்பரத்தில் டுடோரியல் போகிறேன் என்று வீட்டில் நம்பிக்கொண்டிருந்த நேரத்தில் நான் இங்கே உட்கார்ந்து ஊரைக் கலாய்த்துக்கொண்டிருந்தேன். தினமும் ஆட வரும் ஹேமநாத் கார் ரேஸ் ஆடும்போது இடது அம்புக்கும் வலது அம்புக்கும் வேலையை மாற்றி வைத்துவிடுவேன். அவன் பாதி நாள் கடலுக்குள் போய் விழுவான். அதைவிட நல்ல வேலை ஒன்று செய்தேன். ஐந்தாம் நம்பர் திரையை அப்படியே படம் பிடித்து, அந்தப் படத்தையே வால்பேப்பராக வைத்து, உண்மையான ஐகான்களை மறைத்துவிட்டேன். யார் எதைக் க்ளிக் செய்தாலும் ஒன்றும் திறக்காது. அக்கா வந்து பார்த்தாள். "கண்ணு பட்டுடுச்சுடா" என்று உப்பும் மிளகாயும் எடுத்து மானிட்டரை மூன்று சுற்றுச் சுற்றினாள். அவள் அதை அடுப்பில் போட வெளியே போன நேரத்தில் நான் எல்லாவற்றையும் சரி செய்துவிட்டேன். திரும்பி வந்து க்ளிக் செய்தாள். திறந்தது. அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் ஐந்து மானிட்டருக்கும் உப்பு மிளகாய்.

இப்படிப்பட்ட நான்தான் அந்தப் பொய்யையும் சொன்னேன்.

போன வருஷம் ஒரு மழை நாள். கடையில் வேறு யாரும் இல்லை. நான் ஸ்டூலில் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தேன். அக்கா திடீரென்று கேட்டாள். "ஏண்டா குணா, எல்லாரும் டவுன்லோடு டவுன்லோடுன்றானுங்களே, அது இன்னாடா?"

"அதுவாக்கா? கேம் டிஸ்க்ல வராது, ஒயர்ல வரும். அமெரிக்காலேர்ந்து. கடலுக்கு அடியில ஒயர் போட்டுக்கீறாங்க."

"கடலுக்கு அடியிலயா?"

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அதுவரை சொன்னது உண்மைதான். ஆனால் அக்கா முகத்தில் அப்படி ஓர் ஆச்சரியம். அதைப் பார்த்தால் என் வாய் சும்மா இருக்காது.

"ஆமாக்கா. அவ்ளோ தூரம் ஓடி வர்றதுல கேம் டயர்டாயிடும். அதான் டவுன்லோடு பண்ண கேம் ஸ்லோவா ஓடுது. டிஸ்க்குல இருக்கறது பொட்டில படுத்துகினு வருது பாரு, அது ஃப்ரெஷ்ஷு."

அக்கா வாசல் பக்கம் திரும்பினாள். மழையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "மெய்யா?" என்றாள்.

"மெய்யி."

"மெய்யாலுமே?"

வாயில் பன் இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினேன்.

"அப்போ ஐஸ் மீனு" என்றாள் அக்கா.

பத்து நாள் ஐஸில் கிடந்ததை இன்று பிடித்தது என்று விற்கிறார்களே, அது ஐஸ் மீன். அக்காவுக்கு உலகத்திலேயே ஆகாத ஒன்று. மறுநாள் கடை வாசலில் பலகை தொங்கியது: "இங்கு டிஸ்க் கேம் மட்டும். ஒயரில் வந்த கேம் கிடையாது." நான் அதைப் பார்த்து கையைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். 'அக்கா, சும்மா சொன்னேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அஸ்தினாபுரத்திலிருந்து எல்லாம் ஆளைக் கூட்டிவந்து அந்தப் பலகையைக் காட்டினேன்.

ஐஸ் மீன் அக்காவுக்கு எவ்வளவு ஆகாது என்பதற்கு ஏகநாதன் கதையைச் சொல்லியாக வேண்டும். ஏகநாதன் அக்காவுக்குக் காலையில் மீன் கொண்டுவந்து இறக்கும் லோடுகாரர். ஒருநாள் வஞ்சிரத்தை "காலையில கரைக்கு வந்தது" என்று சத்தியம் பண்ணி இறக்கிவிட்டுப் போனார். அக்காவும் அவரை நம்பி விற்றுவிட்டாள். மதியத்துக்குள் மூன்று பேர் குழம்போடு திரும்பி வந்தார்கள். அக்காவின் அம்மா வீட்டில் இதற்கு ஒரு சட்டம் உண்டு. கெட்டதை விற்றவள் கூடையைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் ஒரு நாள் உட்கார்ந்து, வருகிறவர் எல்லோரிடமும் "நான் சொன்னது பொய்" என்று சொல்ல வேண்டும். விற்றவளுக்கே தெரியாமல், கொடுத்தவன் பொய் சொல்லியிருந்தால் கொடுத்தவன் உட்கார வேண்டும். ஏகநாதன் ஆறடி. மீசை மட்டும் அரையடி. மறுநாள் வேப்பமரத்தடியில் கவிழ்ந்த கூடைமேல் பன்னிரண்டு மணி வரைக்கும் உட்கார்ந்து, "வஞ்சிரம் ஐஸுங்க, நான் சொன்னது பொய்யுங்க" என்று போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னார். நானே நான்கு தடவை போய்க் கேட்டேன். நான்கு தடவையும் சொன்னார்.

இந்த நிலையில்தான் அனிருத் வந்து சேர்ந்தான். மாடம்பாக்கத்துப் பையன், இன்ஜினியரிங் முதல் வருஷம். கண்ணாடி, பை, பையில் இன்னொரு பை. ஒரு சனிக்கிழமை ஆட வந்தவன் பலகையைப் படித்துவிட்டு உள்ளே வந்தான்.

"அக்கா, இது என்ன போர்டு?"

"இன்னா, எழுத்து தெரியலியா?"

"தெரியறது. ஆனா தப்பா இருக்கு."

ஐந்து கம்ப்யூட்டரிலும் ஆட்டம் நின்றது. ஹேமநாத் மட்டும் பழக்கதோஷத்தில் கடலில் விழுந்தான்.

"இன்னா தப்பு?" என்றாள் அக்கா.

"டிஸ்க் வாங்கினாலும் கேம் மொத்தமும் ஹார்ட் டிஸ்க்ல ஏறிடும்கா. ஓடறது அங்கேருந்துதான். டவுன்லோடு பண்ணினாலும் அதே இடத்துலதான் போய் உக்காரும். டிஸ்க்கை உள்ள வெச்சிருக்கச் சொல்றது சும்மா செக்கிங்குக்கு. பீச் ட்ரெயின் மாதிரி நினைச்சுக்கோங்க. ஒருத்தன் கவுன்டர்ல டிக்கெட் வாங்கிண்டு ஏறறான், இன்னொருத்தன் கூப்பனை மெஷின்ல பஞ்ச் பண்ணிட்டு ஏறறான். கூப்பன்காரனுக்கு மட்டும் ட்ரெயின் மெதுவா போகுமா?"

"போவாது" என்றாள் அக்கா. "ஆனா கூப்பன்காரன் கடலுக்கு அடியில ஓடி வரலியே."

கடை அதிர்ந்தது. அனிருத் சிவந்துபோனான். ஆனால் விடுகிறவன் இல்லை.

"டெஸ்ட் பண்ணிப் பாக்கலாமா? உங்க கார் ரேஸ் டிஸ்க்ல இருக்கு. அதையே நான் அப்பா கார்டுல வாங்கி டவுன்லோடு பண்றேன். ரெண்டு கம்ப்யூட்டர்ல ரெண்டையும் ஓட விடலாம். எது ஒயர்ல வந்ததுன்னு நீங்க பாத்துச் சொல்லுங்க."

"சொல்றேன். நான் பாக்காத மீனா?"

"தப்பாயிட்டா?"

அதைக் கேட்டிருக்கக் கூடாது. அக்கா எழுந்து நின்றாள். இடுப்பிலிருந்த சாவியை எடுத்து எல்லோருக்கும் தெரிகிற மாதிரி மேசைமேல் வைத்தாள்.

"தப்பாயிட்டா கடைய மூடிட்டு இந்தச் சாவிய கிருபாவுக்குப் பார்சல்ல அனுப்பிடறேன். தெரியாத யாவாரத்துல வாய் வுட்டவ அதுல இருக்கக் கூடாது. மீனோட நிறுத்திக்கிறேன். போடா கண்ணாடி, கொண்டா உன் டவுன்லோட."

பையன்கள் விசிலடித்தார்கள். நான் மட்டும் மேசைமேல் கிடந்த சாவியையே பார்த்தேன். அக்கா சொன்னால் செய்துவிடுவாள். சங்கராவை வேண்டாமென்று திருப்பி அனுப்புகிறவள் அவள். கடையை மூடுவதற்கு யோசிக்கவே மாட்டாள். எல்லாம் என் வாயிலிருந்து வந்த ஒரு கலாய்ப்புக்காக. அந்தக் கடை இல்லையென்றால் மதியம் இரண்டு மணியிலிருந்து நான் எங்கே இருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். டுடோரியல்தான் ஞாபகம் வந்தது. ஆனால் பயம் டுடோரியலுக்காக மட்டும் இல்லை. "இன்னிக்கு டுடோரியல்ல இன்னா சொல்லிக்குடுத்தாங்கோ?" என்று தினமும் ஒரே முகத்தோடு கேட்டுவிட்டு, பொரித்த நெத்திலியைக் காகிதத்தில் மடித்து என் பக்கம் தள்ளுகிறவள் அவள். நான் போவதில்லை என்று அவளுக்கு முதல் நாளே தெரியும்.

அனிருத் வீட்டு இணைப்பில் கேம் வந்து இறங்க ஒரு வாரம் ஆயிற்று. அந்த ஒரு வாரமும் ஊருக்கு வேறு பேச்சில்லை. "எவ்ளோ வந்துச்சு மச்சான்?" "அறுபது பர்சென்ட்." "இப்போ எங்க இருக்கும்? இலங்கை தாண்டிருக்குமா?" கங்காதரன் மாமா ஆட்டோவில் ஏறுகிறவர்களிடம் எல்லாம், "எம் பொண்டாட்டிக்கும் கம்ப்யூட்டருக்கும் சனிக்கெழமை மேட்ச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை மூன்று மணி. கடையில் நிற்க இடமில்லை. மூன்றாம் நம்பரும் நான்காம் நம்பரும் ஒரே நாளில் வாங்கிய ஒரே மாதிரிக் கம்ப்யூட்டர்கள். அனிருத் எல்லோரையும் வெளியே அனுப்பி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஒன்றில் டிஸ்க் கேமையும் இன்னொன்றில் தன் டவுன்லோடையும் ஏற்றினான். டிஸ்க் எதில் இருக்கிறது என்று தெரியாமலிருக்க, இரண்டு சி.பி.யு.வையும் அக்காவின் பழைய புடவையால் மூடினான். விடையைச் சீட்டில் எழுதி மடித்து, மீன் தராசின் ஒரு கிலோ படிக்கல்லுக்கு அடியில் வைத்தான்.

அவன் ரொம்பப் படித்தவன். அதனால் ஷட்டர் பாதி இறங்கியிருந்தால் மீதிப் பாதி திறந்திருக்கும் என்பதை யோசிக்கவில்லை. நான் செருப்பைத் தேடுகிற மாதிரி தரையில் படுத்துப் பார்த்தேன். டிஸ்க் மூன்றாம் நம்பருக்குள் போயிற்று. அப்படியானால் ஒயரில் வந்தது நான்கு.

பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று அக்காவைக் கைவிட எனக்கு மனசில்லை. எல்லோரும் உள்ளே வந்து இடத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது துணியை எடுத்துக்கொண்டு நான்காம் நம்பருக்குப் போனேன். "தள்ளு தள்ளு, தூசி தட்டறேன்." தட்டுகிற சாக்கில் வைரஸ் தேடுகிற சாஃப்ட்வேரை முடுக்கிவிட்டு, கேமுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அது ஓடினால் அந்தக் கம்ப்யூட்டர் தும்மிக்கொண்டே இருக்கும். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருத்தரைக் காப்பாற்றத் திருட்டுத்தனம் பண்ணுகிறேன். கை பழக்கப்பட்டதுதான். மனசுக்குத்தான் புதுசு.

ஹேமநாத் மூன்றில், இன்னொரு பையன் நான்கில். ஒரே கார், ஒரே பாதை. "ஒன், டூ, த்ரீ!"

மூன்றாம் நம்பர் கார் எண்ணெய் தடவின மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. நான்காம் நம்பர் கார் தவளை மாதிரிப் போனது. தாவும், நிற்கும். தாவும், நிற்கும்.

"டோய்! நாலு திக்குது டோய்!"

"அக்கா சொன்னது கரெக்ட்டு! டயர்டாயிடுச்சு பாரு!"

"இலங்கைகிட்ட மூச்சு வாங்கிச்சு போலக்கீது மச்சான்!"

அனிருத் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தான். தவளை தவளையாகவே இருந்தது. "சான்ஸே இல்ல" என்று முனகினான். கங்காதரன் மாமா தெருவில் நின்றபடி ஆட்டோ ஹாரனை விடாமல் அடித்தார். நான் கூரையைப் பார்த்து நின்றேன், ஒன்றும் தெரியாதவன் மாதிரி.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து நான்காம் நம்பரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நிறுத்துங்கடா" என்றாள்.

"ஏங்க்கா, நீதான் ஜெயிச்சிட்டியே! நாலுன்னு சொல்லு!"

"பழைய மீனுன்னா தலைலேர்ந்து வாலு வரிக்கும் பழசா இருக்கும். இது நடுநடுவுல நல்லா ஓடுது, நடுநடுவுல வலிப்பு வருது. இது பழசு இல்ல, வேற என்னமோ. கேமை நிறுத்து."

நிறுத்தினார்கள். இரண்டு திரையிலும் கார்கள் அசையாமல் நின்றன. அக்கா புடவைக்கு மேலேயே நான்காம் நம்பர் தலையில் புறங்கையை வைத்தாள். உள்ளே கரகரவென்று சத்தம்.

"கேம் நின்னுபோச்சு. செத்த மீனு துடிக்குமாடா? உள்ள எவனோ வேலை செஞ்சுகினு கீறான். தேடு."

ஹேமநாத் இரண்டு பொத்தானைச் சேர்த்து அமுக்கினான். கேமுக்குப் பின்னாலிருந்து என் திருட்டுத்தனம் முன்னால் வந்து நின்றது. நாற்பத்தொரு சதவீதம் தேடி முடித்திருந்தது. வைரஸ் எதுவும் கிடைக்கவில்லை. வைரஸ் வெளியே கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தது.

"மூடு அத்த" என்றாள் அக்கா. யார் செய்தது என்று கேட்கவில்லை. "இப்போ வுடு ரெண்டையும்."

மறுபடி ஓடின. மூன்றும் வழுக்கிக்கொண்டு போனது, நான்கும் வழுக்கிக்கொண்டு போனது. அக்கா மூன்று சுற்று முழுசாகப் பார்த்தாள். பக்கவாட்டில் நின்று பார்த்தாள், கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். தெருவில் ஹாரனும் நின்றுவிட்டது.

"ரெண்டும் ஒண்ணு" என்றாள் கடைசியில். "எது எதுன்னு எனக்குத் தெரில. காமு சொன்னது தப்பு."

நேராக வெளியே போனாள். ஆணியிலிருந்து பலகையைக் கழற்றினாள். உள்ளே வந்து இடுப்பிலிருந்த சாவியை எடுத்தாள். "ஹேமநாத்து, கிருபாவோட அட்ரஸு அந்த நோட்டுல கீது, எழுதிக் குடு. எல்லாரும் எழுந்துக்கோங்க. கடை மூடப்போறேன்."

அனிருத்துக்கு முகம் வெளுத்துப்போயிற்று. "அக்கா, அதெல்லாம் வேண்டாம்கா, நான் சும்மா டெஸ்ட்டுக்குத்தான்..."

"சொன்னது சொன்னதுதான் கண்ணு. நீ ஏன் அழுவற?"

அவள் ஷட்டர் கம்பியை எடுக்கக் கை நீட்டினாள். என் வாய் தானாகத் திறந்துகொண்டது. இந்த வாயை நான் எத்தனையோ தடவை திறந்திருக்கிறேன். இவ்வளவு கனமாக அது இருந்ததில்லை.

"அக்கா, நில்லு. அந்த ஸ்கேன் நான் போட்டது."

"தெரியும். இந்தக் கடைல வேற எவன் என்னிக்குத் தூசி தட்டிக்கீறான்?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

"அது இல்லக்கா. ஒயர்ல வந்தா டயர்டாயிடும்னு சொன்னதும் நான்தான். சும்மா கலாய்ச்சேன். நீ போர்டு மாட்டுவேன்னு தெரியாது."

அக்கா கம்பியைக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்திருந்தால் சமாளித்திருப்பேன்.

"அன்னிக்கு மழை பேஞ்சுகினு இருந்துச்சு" என்றாள். "நீ இந்த ஸ்டூல்ல ஒக்காந்து பன்னு துன்னுகினு இருந்த. மெய்யான்னு கேட்டேன். ரெண்டாவது வாட்டியும் கேட்டேன். தலைய ஆட்டின."

"ஆமாக்கா."

"ஒரு வருசமா அத்ததான் ஊருக்கெல்லாம் வித்துகினு கீறேன்."

எனக்குக் கண் கரித்தது. கடையில் தூசி அதிகம்.

அப்போது வாசலில் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பெரிய குரல் வந்தது. மேட்ச் பார்க்க வந்திருந்த ஏகநாதன். மீசையைத் தடவிக்கொண்டு, ஒரு வருஷமாகக் காத்திருந்தவர் மாதிரி முன்னால் வந்தார்.

"இன்னா காமு, சட்டம் எனக்கு மட்டுந்தானா? விக்கிறவளுக்குத் தெரியாம, குடுத்தவன் பொய் சொன்னா யாரு ஒக்காரணும்?"

கடை ஒரு நொடி யோசித்தது. பிறகு கூரை பறக்கிற மாதிரி ஒரு சத்தம். "குணா! குணா! குணாதான் லோடுகாரன்!" ஹேமநாத் பெஞ்சில் ஏறிக் குதித்தான். அவன் கடலில் விழுந்த நாட்களுக்கெல்லாம் அன்றைக்குத்தான் கரையேறினான். அனிருத்துக்கு ஒன்றும் புரியவில்லை. யாரோ காதில் சொன்னார்கள். புரிந்ததும் அவனும் கத்தினான்.

அக்கா சாவியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். உதட்டோரம் லேசாகத் துடித்தது. அது செத்த மீன் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"நாளைக்கு ஞாயித்துக்கெழமை" என்றாள். "கூட்டம் நல்லா வரும். ஆறு மணிக்கு வந்துடு." சாவியை மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டாள். "இன்னாடா எல்லாரும் பாக்கறீங்க? டைம் ஓடுதில்ல, ஒக்காந்து ஆடுங்கோ."

ஞாயிறு காலை ஆறு மணிக்கு வேப்பமரத்தடியில் ஒரு மூங்கில் கூடை கவிழ்ந்து கிடந்தது. உட்கார்ந்தேன். ஒரு பக்கம் சாய்ந்தது. இந்தப் பக்கம் உட்கார்ந்தால் சிலாம்பு குத்தியது, அந்தப் பக்கம் உட்கார்ந்தால் போன வார நண்டு வாசனை. ஏகநாதன் லோடை இறக்கிவிட்டு என்னிடம் வந்து குனிந்து, அனுபவஸ்தர் குரலில் சொன்னார். "நடுவுல ஒக்காராத தம்பி. ஓரமா ஒக்காரு. அங்க சிலாம்பு இல்ல, நான் அன்னிக்கே ஒடைச்சுப் போட்டுட்டேன்." உண்மைதான், அங்கே இல்லை.

வந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். நானும் சொன்னேன். "டவுன்லோடு கேமும் டிஸ்க் கேமும் ஒரே ஸ்பீடுங்க. நான் சொன்னது பொய்யுங்க." மத்தி வாங்க வந்த ஒரு தாத்தா, "சரிப்பா, மத்தி புதுசா?" என்றார். ஹேமநாத் நான்கு தடவை வந்து கேட்டான். நான்கு தடவையும் சொன்னேன். அனிருத் மாடம்பாக்கத்திலிருந்து சைக்கிள் மிதித்து வந்து பார்த்தான். மீன் வாசனைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டே பத்து நிமிஷம் நின்று, "இதுக்கு போட்டோ எடுத்துக்கலாமா?" என்று மரியாதையாகக் கேட்டு, எடுத்துக்கொண்டு போனான்.

எட்டு மணிக்கு ஜெயப்ரியா மிஸ் வந்தார்கள். பத்தாம் வகுப்பில் எனக்குக் கணக்கு எடுத்தவர்கள். கூடைக்குள்ளேயே புகுந்துகொள்ளலாமா என்று பார்த்தேன். கூடை கவிழ்ந்திருந்தது.

"என்ன குணா, டுடோரியல் இங்கதான் நடக்குதா?"

"டவுன்லோடு கேமும் டிஸ்க் கேமும் ஒரே ஸ்பீடு மிஸ். நான் சொன்னது பொய் மிஸ்."

மிஸ் கூடையையும் என்னையும் பார்த்தார்கள். "கணக்குல நீ போட்ட விடை தப்புன்னு ஒரு தடவைகூட ஒத்துக்கிட்டதில்லையே நீ" என்று சொல்லிவிட்டு, அரைக் கிலோ இறால் வாங்கிக்கொண்டு சிரித்தபடி போனார்கள்.

பதினொன்றரைக்குக் கூட்டம் குறைந்தது. அக்கா கையைக் கழுவிக்கொண்டு வந்து என் எதிரில் பலகையைப் போட்டு உட்கார்ந்தாள். காகிதத்தில் நெத்திலி. என் பக்கம் தள்ளினாள்.

"இப்போ சொல்லு. ரெண்டும் ஒண்ணுதானா? மெய்யா?"

"மெய்யிக்கா."

"மெய்யாலுமே?"

வாயில் நெத்திலி இருந்தது. முழுங்கிவிட்டு, வாயைத் திறந்து, "மெய்யாலுமே" என்றேன்.

அக்கா மடியிலிருந்து சாக்பீஸை எடுத்தாள். பக்கத்தில் அந்தப் பழைய பலகை. அதைத் திருப்பி வைத்து, பின்பக்கத்தில் நிதானமாக எழுதினாள்: "டிஸ்க்கும் உண்டு. ஒயரும் உண்டு. ரெண்டும் ஒரே ஓட்டம்." தூரத்தில் பிடித்துப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டாள். நான் எழுந்திருக்கப் போனேன்.

"இன்னும் அரை மணி கீது. ஒக்காரு."

உட்கார்ந்தேன். அக்கா பலகையைப் பார்த்தபடியே ஏதோ யோசித்தாள்.

"ஏண்டா குணா. அஞ்சாம் நம்பருக்குக் கண்ணு பட்டுடுச்சுன்னு உப்பு மொளகா சுத்திப் போட்டனே. உடனே சரியாப்பூடுச்சே. அது?"

எடுத்த நெத்திலியைக் காகிதத்திலேயே திரும்ப வைத்தேன். பத்து மாதம், வெள்ளிக்கிழமைக்கு ஐந்து மானிட்டர். எவ்வளவு மிளகாய் என்று மனசுக்குள் பெருக்கிப் பார்த்தேன், வரவில்லை. அக்கா கண்ணைச் சுருக்கினாள். சங்கரா மீனின் முகத்தைப் பார்ப்பாளே, அப்படி.

எதிர்ப்பக்கம் டீக்கடையிலிருந்து ஏகநாதன் கத்தினார். "உண்மைய சொல்லிடு தம்பி! ரெண்டு ஞாயிறு சேத்து ஒக்காந்தா இடுப்பு பூடும்! தனித்தனியா ஒக்காந்துடு!"

சொல்லிவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் ஆறு மணிக்குப் போனேன். கூடை தயாராக இருந்தது. ஓரமாக உட்கார்ந்தேன்.